ஒரு முழம் மேற்கே

ஐம்பத்து மூன்று வயதில் வத்சலாவுக்கு ஒரே ஒரு ஆசைதான் மிச்சமிருந்தது. பக்கத்தில் ஆட்கள் குறைய வேண்டும்.

லண்டன் லூயிஷாமில் அவளும் கணவரும் பிள்ளைகளும் இருந்தது நடுத்தளத்துப் பிளாட். மேல் வீட்டுக்காரர் ட்ரம் பழகினார். கீழ் வீட்டுக்காரர் அதைப் பற்றி மேல் வீட்டுக்காரரிடம் சொல்லாமல் வத்சலாவிடம் வந்து சொன்னார். இடப்பக்கச் சுவருக்கு அப்பால் ஒரு தம்பதி சண்டை பிடித்தார்கள். வலப்பக்கச் சுவருக்கு அப்பால் இன்னொரு தம்பதி சமாதானமானார்கள். இரண்டும் ஒரே அளவு கேட்டது.

அதற்கு முன்பு டென்மார்க்கில் ஒரு தக்காளிக் கிறீன்ஹவுஸில் அவள் வேலை செய்தாள். செடிகள் ஆயிரக்கணக்கில், ஆட்கள் நாலே பேர். மத்தியானச் சாப்பாட்டு நேரத்திலும் யாரும் கதைப்பதில்லை. அதுதான் தன் வாழ்க்கையின் நல்ல காலம் என்று கணவர் பரமேஸ்வரனிடம் அவள் சொல்வதுண்டு. அந்தக் காலத்தில்தான் அவளைக் கல்யாணம் செய்திருந்த பரமேஸ்வரன் அதை எப்படி எடுத்துக்கொள்வது என்று தெரியாமல் "ஓம்" என்பார். அவர் எலெக்ட்ரீஷியன். தெளிவில்லாத விஷயங்களில் கை வைக்கமாட்டார்.

பிள்ளைகள் இரண்டு பேரும் படித்து முடித்து வெளியே போனதும் பிளாட்டை விற்றார்கள். சட்டனுக்குத் தெற்கே, வீடுகள் முடிந்து வயல்கள் தொடங்கும் இடத்தில், ஒரு சின்ன வீட்டையும் அதோடு சேர்ந்த ஒரு ஏக்கர் நிலத்தையும் வாங்கினார்கள். லண்டன் எல்லைக்குள்தான். கவுன்சில் வரி வந்தபோது அதில் சந்தேகம் இருக்கவில்லை. ஆனால் பஸ் பிடிக்க நெடுந்தூரம் நடக்க வேண்டும், போகிற வழியில் மாடுகள் நின்று பார்க்கும்.

நிலம் புடவை விரித்ததுபோல நீளமாகவும் ஒடுக்கமாகவும் இருந்தது. குறுக்கே பழைய கண்ணாடிக் கிறீன்ஹவுஸ் ஒன்று கிழக்கு வேலியை ஒட்டி நின்றது. மேற்கு வேலிக்கும் அதற்கும் இடையில் தள்ளுவண்டி போக ஒரு பாதை. வத்சலா அந்த நிலத்தில் பாகல், பயத்தங்காய், கத்தரி, வெண்டி எல்லாம் வைத்தாள். சட்டனிலும் டூட்டிங்கிலும் உள்ள தமிழ்க் கடைகள் எடுத்துக்கொண்டன. வாசலுக்கு முன்னால் போன ஒழுங்கையில், அந்த ஒடுங்கிய தெருவில், அப்படியான நிலத்துண்டுகள் நாலு இருந்தன, வரிசையாக. அவளுக்கு மேற்கே டெஸ்மண்ட், அவருக்கும் மேற்கே, காரில் இழுத்துப் போகும் பழைய கரவன் வீட்டுவண்டிகளும் நாய்களும் வைத்திருந்த டெரி. கிழக்கே போலின் என்ற விதவை, அவருக்கு அப்பால் பெரிய றோட்டு.

போலின் இரண்டு குதிரைகள் வைத்திருந்தார். வத்சலா வந்த முதல் வாரமே பிளம்ஸ் ஜாமோடு வந்து, வேண்டிய அளவு குதிரை எருவை எடுத்துக்கொள்ளலாம் என்று சொல்லிவிட்டுப் போனார். போன பிறகு வரவில்லை. வத்சலாவுக்கு அவரை மிகவும் பிடித்துப் போயிற்று.

டெஸ்மண்டையும் ஒரு வருடத்துக்கு மேல் அவளுக்குப் பிடித்துத்தான் இருந்தது. எழுபது கடந்தவர், தனியாள், பெரிய வெள்ளை வாத்துகள் வளர்த்தார். காலையில் வேலிக்கு மேலால் வானத்தைப் பற்றி ஒரு வசனம் சொல்வார். வத்சலா தலையசைப்பாள். உறவு அந்த அளவில் நின்றது.

அடுத்த வருடம் மார்ச்சில் அவள் சட்டனுக்குக் காய்கறி கொடுத்துவிட்டுத் திரும்பியபோது மேற்கு வேலி புதிதாக இருந்தது. நல்ல வேலி. அதில் ஏதோ சரியில்லை என்று மட்டும் தெரிந்தது. கொஞ்ச நேரம் நின்று பார்த்த பிறகு விளங்கியது. முன்பு வேலியோரம் அவளுடைய பக்கத்தில் பெரிய இலைகளோடு ஒரு வரிசை ருபாப், வெள்ளைக்காரர் தண்டைச் சமைத்துத் தின்னும் செடி, நின்றது. இப்போது அது வேலிக்கு அந்தப் பக்கம் நின்றது. பெயர் தெரிந்தும் அந்தச் செடியை அவள் களையாகத்தான் நினைத்திருந்தாள். ஆனாலும் அது அவளுடைய களை.

"வேலி மாறியிருக்கிறது," என்று டெஸ்மண்டிடம் ஆங்கிலத்தில் சொன்னாள்.

"பழைய கட்டைகள் உக்கி உளுத்துப் போயிருந்தன. நன்றாக வந்திருக்கிறது, இல்லையா?"

"இடம் மாறியிருக்கிறது."

டெஸ்மண்ட் வேலியை அன்றுதான் சந்திப்பவர்போலப் பார்த்தார். "அப்படியா நினைக்கிறீர்கள்?"

"என் ருபாப் உங்கள் பக்கம் நிற்கிறது."

"ருபாப் வேண்டுமென்றால் தாராளமாக வந்து பிடுங்கிக்கொள்ளலாம்," என்றார் அவர். "முதலே ஒரு சொல் சொல்லிவிட்டு வந்தால் போதும்."

மாலையில் பரமேஸ்வரன் பழைய கட்டைக் குழிகளிலிருந்து கையால் அளந்து பார்த்தார். ஒரு முழம்.

"வேலியை உள்ளுக்கு அரக்கிப்போட்டான்," என்றார். குரலில் கோபத்தைவிட ஆச்சரியம்தான் கூட இருந்தது. "வெள்ளைக்காரனும் வேலி அரக்குவானோ? உது எங்கடை ஆக்களின்ரை வேலை எண்டெல்லோ நான் நினைச்சனான்."

"நினைச்சது காணும், போதும். இப்ப என்ன செய்யிறது?"

"கொட்வினைக் கேப்பம்."

கொட்வின் அவர்களுக்குத் தெரிந்த தமிழ்ப் பெடியன், கிழக்கு லண்டனில் செவன் கிங்ஸ் என்ற இடத்தில் இருந்தான். ஜெர்மனியில் இருந்து வந்து, வேலி போடுவதும் முற்றத்துக்குக் கல் பதிப்பதும் தொழிலாக வைத்திருந்தான். ஞாயிற்றுக்கிழமை வந்து சுற்றிப் பார்த்தான்.

"அக்கா, இந்த நாட்டில இடப்பக்க வேலி உங்கடை. வலப்பக்கம் அவங்கடை. அவ்வளவுதான் சட்டம்."

"எங்கை நிண்டு பாத்தா இடப்பக்கம்?"

"றோட்டில நிண்டு வீட்டைப் பாத்தா."

"இல்லைத் தம்பி," என்றார் பரமேஸ்வரன். "வீட்டு வாசல்ல நிண்டு றோட்டைப் பாத்தா எண்டுதான் என்னோடை வேலை செய்யிற பெடியன் சொன்னவன்."

இருவரும் ஒழுங்கையில் போய் நின்று பார்த்தார்கள். பிறகு வாசலில் வந்து நின்று பார்த்தார்கள். ஒரு முறை மேற்கு வேலி அவர்களுடையதாகவும் மறுமுறை டெஸ்மண்டுடையதாகவும் இருந்தது. கவுன்சிலுக்குப் போன் அடித்துக் கேட்டபோது, இடம் வலம் என்று சட்டம் ஒன்றும் இல்லை, இது அயலவர்கள் தங்களுக்குள் பேசித் தீர்க்க வேண்டிய விஷயம் என்றார்கள். வத்சலா அயலவரோடு ஏற்கனவே பேசியிருந்தாள்.

ஆகவே பேசாமல் வேலியோரம் பாகல் நட்டாள். பாகல் நன்றாக ஏறியது. யூலையில் பாதிக் கொடி டெஸ்மண்டின் பக்கம் தொங்கிக் காய்க்கத் தொடங்கியது. ஒருநாள் காலையில் விரலளவு பிஞ்சுகள் வேலிக்கு இந்தப் பக்கம் புல்லின்மேல் ஒழுங்காக வரிசையாக வைக்கப்பட்டிருந்தன. அடுத்த நாளும் அப்படியே. பிறகு நாள்தோறும்.

"முற்றவிட்டு வெட்டக்கூடாதா?" என்று கேட்டாள்.

"என் பக்கம் வருவதை நான் வெட்டலாம், ஆனால் அது உங்கள் சொத்து. திருப்பித் தர வேண்டும்," என்றார் டெஸ்மண்ட். "யாருடைய பொருளையும் வைத்துக்கொள்வது எனக்குப் பிடிக்காது."

வத்சலாவுக்கு அந்த வசனத்துக்குப் பதில் டேனிஷ் மொழியில்தான் வந்தது. அதைச் சொல்லாமல் விட்டாள்.

ஓகஸ்டில் வாத்துகள் வேலியின் அடியால் நுழைந்து கீரைப் பாத்தியை முடித்துவிட்டன. முடித்துவிட்டு அங்கேயே உட்கார்ந்திருந்தன. வத்சலா ரப்பர் கையுறை போட்டுக்கொண்டு ஒவ்வொன்றாகப் பிடித்து, செட்டையை அமத்தித் தூக்கி, வேலிக்கு மேலால் டெஸ்மண்டின் கையில் கொடுத்தாள். வாத்துகள் சீறின. டெஸ்மண்ட் வாங்கி வாங்கிக் கீழே விட்டார்.

"உங்கள் சொத்து," என்று கடைசி வாத்தைக் கொடுக்கும்போது சொன்னாள்.

"மிக்க நன்றி," என்றார் டெஸ்மண்ட்.

அந்த வாரமே நிலம் அளக்கும் அளவையாளரைக் கூப்பிடப் போவதாக வீட்டில் அறிவித்தாள். பரமேஸ்வரனுக்கு விருப்பமில்லை. "ஒரு முழத்துக்கு ஆளைக் கூப்பிட்டு அளக்கிறதே? விடுமன்."

"விட்டா வாற வருசமும் ஒரு முழம் வருவார். பிறகு உங்களை வேலிக்கு மேலால தூக்கித்தான் எனக்குத் தருவார்."

வந்தது பிரீத்தா என்ற இளம் பெண். கோயம்புத்தூரில் படித்து, குறொய்டனில் ஒரு கம்பெனியில் வேலை செய்தாள். முக்காலியில் கருவியை நிறுத்தி, மஞ்சள் சட்டையோடு நாள் முழுவதும் நடந்தாள். வத்சலா தன் நிலத்துப் படத்தைக் கொண்டுவந்து காட்டி, அதில் எல்லையைக் காட்டும் சிவப்புக் கோடு எங்கே ஓடுகிறது என்று மட்டும் சொன்னால் போதும் என்றாள்.

"இந்தக் கோட்ட வெச்சு ஒண்ணும் சொல்ல முடியாது மேடம்," என்றாள் பிரீத்தா. "கோட்டோட தடிமனே தரையில ஒன்றரை அடிக்கு மேல வரும்."

அதாவது சண்டை முழுவதும் கோட்டுக்கு உள்ளேயே நடந்துகொண்டிருந்தது. ஆனால் ஒழுங்கையோரம் முட்செடிக்குள் பழைய காங்கிரீட் எல்லைக்கட்டைகள் சில இருந்தன. பிரீத்தா அவற்றைத் தேடிப் பிடித்து, பழைய பத்திரங்களில் இருந்த அகலங்களோடு ஒப்பிட்டுப் பார்த்தாள். பொழுது சாயும் நேரம் வீட்டுக் குசினிக்குள் வந்து அடுப்படி மேசையில் உட்கார்ந்தாள்.

"நீங்க சொன்னது சரிதான் மேடம். மேற்கு வேலி நாப்பத்து நாலு சென்டிமீட்டர் உங்க நிலத்துக்குள்ள இருக்கு."

வத்சலாவுக்கு உடம்பெல்லாம் இலேசானது. பிரீத்தாவின் தேத்தண்ணீருக்குச் சீனி கேட்காமலே இரண்டு கரண்டி போட்டாள்.

"ஆனா கிழக்கு வேலியும் பாத்தேன். அதுவும் நாப்பத்து நாலு. உங்க வேலி அந்தம்மா நிலத்துக்குள்ள இருக்கு. பழைய ஓனர் கிறீன்ஹவுஸ் கட்டறப்போ தள்ளிப் போட்டிருக்கணும். அதோட கிழக்குச் சுவர் முழுக்க அவங்க இடத்துலதான் நிக்குது."

"நான் அந்தப் பக்கம் பாக்கச் சொல்லேல்லையே."

"ஆமா மேடம். ஆனா ஒரு பக்கத்த மட்டும் அளக்க வராது. இவ்வளவு வருஷம் ஆனதால சட்டம் என்ன சொல்லும்னு வக்கீல்தான் சொல்லணும். நான் இருக்கறதச் சொல்றேன்."

பிரீத்தா போன பிறகு பரமேஸ்வரன் விரல் விட்டுக் கணக்குப் பார்த்தார். மேற்கே ஒரு முழம் போயிருந்தது, கிழக்கே ஒரு முழம் வந்திருந்தது. அகலத்தில் ஒரு குறையும் இல்லை. நிலம் முழுவதும் கொஞ்சம் நகர்ந்து உட்கார்ந்திருந்தது, அவ்வளவுதான்.

"மேற்குக் கதையை மட்டும் கதைப்பம்," என்றார்.

வத்சலாவும் அதைத்தான் நினைத்தாள். அடுத்த நாள் டெஸ்மண்டின் கதவைத் தட்டினாள். அவர் மறுப்பார், வானத்தைப் பற்றி ஏதாவது சொல்வார் என்று எதிர்பார்த்துப் போயிருந்தாள். டெஸ்மண்ட் மறுக்கவில்லை.

"நாற்பத்து நாலா? நாற்பத்தைந்து என்று நினைத்தேன்," என்றார்.

"தெரிந்தேதான் செய்தீர்களா?"

"டெரி போன குளிர்காலத்தில் என் நிலத்துக்குள் அவ்வளவு வந்துவிட்டான்." கரவன் வண்டிகள் நின்ற பக்கம் கையைக் காட்டினார். "எனக்கு ஒரு முழம் குறைந்தது. எங்கேயாவது எடுக்க வேண்டியிருந்தது."

"அவனிடம் கேட்டிருக்கலாமே?"

"அந்தப் பக்கம் நாய்கள் இருக்கின்றன," என்றார் டெஸ்மண்ட். "இந்தப் பக்கம் நீங்கள் இருந்தீர்கள்."

அவர் அதைக் குத்தலாகச் சொல்லவில்லை. நிலைமையைச் சொன்னார். வத்சலா திரும்பி வந்தாள். தன் முற்றத்தில் நின்று கிழக்கே பார்த்தாள். போலின் குதிரைகளுக்கு வைக்கோல் போட்டுக்கொண்டிருந்தார். கையை ஆட்டினார். அவருக்கு அப்பால் றோட்டு. போலினால் றோட்டிடமிருந்து ஒரு முழம் எடுக்க முடியாது.

மூன்று கிழமை, முழுதாக மூன்று வாரம், அவள் போலினிடம் சொல்லவில்லை. எரு எடுக்கப் போவாள், தள்ளுவண்டியை நிரப்புவாள், போலின் எதிரே வந்தால் அவசர வேலை இருப்பதுபோல நடப்பாள். ஒருநாள் போலின் ஜாம் போத்தல் ஒன்றை வாசலில் வைத்துவிட்டுப் போயிருந்தார். அதைத் திறக்காமல் அலுமாரியின் மேல்தட்டில் வைத்தாள். பரமேஸ்வரன் பாணுக்குப் பூச ஜாம் தேடினால் எரிந்து விழுந்தாள்.

"சொல்லாட்டி என்ன?" என்றார் அவர். "கட்டினது நாங்களில்லை. அவவுக்குத் தெரியவும் தெரியாது."

"எனக்குத் தெரியுமே."

"அப்ப சொல்லுமன்."

"சொன்னா கிறீன்ஹவுஸைக் கழட்ட வேணும்."

"அப்ப சொல்லாதையும்."

உதவியான மனிதர்தான். ஆனால் இரண்டு பக்கமும் ஒரே அளவு உதவினார்.

கடைசியில் ஒரு சனிக்கிழமை போய்ச் சொன்னாள். போலின் தேத்தண்ணீருக்குக் கேத்திலைப் போட்டிருந்தார். வத்சலா சொல்லி முடித்ததும் அதை நிறுத்தினார்.

"எவ்வளவு?"

"நாற்பத்து நாலு சென்டிமீட்டர்."

"எப்போதிருந்து உங்களுக்குத் தெரியும்?"

"மூன்று கிழமையாக."

"மூன்று கிழமையும் என் எருவை எடுத்தீர்கள்," என்றார் போலின்.

திங்கட்கிழமை போலினின் கேற்றில் பூட்டுத் தொங்கியது. வெள்ளிக்கிழமை வக்கீலின் கடிதம் வந்தது. பணிவான கடிதம். கிறீன்ஹவுஸ், அத்திவாரம், வேலி மூன்றும் அகற்றப்பட வேண்டும் என்றது.

"நல்ல மனுசி எண்டெல்லோ சொன்னனீர்," என்றார் பரமேஸ்வரன்.

"நல்ல மனுசிதான். நிலமும் அவவின்ரைதான்."

வழக்காடினால் வெல்லவும் கூடும் என்று அவள் கேட்ட வக்கீல் சொன்னார். வத்சலா யோசித்துப் பார்த்தாள். வென்றால் அந்த ஒரு முழத்தைப் பார்த்துக்கொண்டுதான் மிச்சக் காலம் முழுக்கக் கத்தரி பிடுங்க வேண்டும். வேண்டாம் என்றாள்.

ஒக்டோபர் கடைசியில் பயத்தங்கொடிகளைப் பிடுங்கி முடித்ததும் கொட்வின் வந்தான். டென்மார்க்கில் புயலடித்த ஒரு வருடம் உடைந்த கிறீன்ஹவுஸைக் கழற்றிப் பூட்டிய அனுபவம் வத்சலாவுக்கு இருந்தது. கண்ணாடிகளை ஒவ்வொன்றாகக் கழற்றி, மூலையில் மார்க்கரால் எண் எழுதி, பழைய போர்வைகளில் சுற்றி அடுக்கினாள். கொட்வின் சட்டங்களை அவிழ்த்தான். பரமேஸ்வரன் ஹீற்றர் வயர்களைக் கழற்றிவிட்டு, மழை வரும்போலிருக்கிறது என்று சொன்னார். வந்தது. கிழக்கு அத்திவாரத்தை உடைத்து, ஒரு முழம் மேற்கே புதிதாகக் காங்கிரீட் போட்டு, எல்லாவற்றையும் திரும்பப் பூட்டினார்கள். பழைய வேலியைப் பிடுங்கி, பிரீத்தா அடித்துவிட்டுப் போன குறிகளின் நேருக்குப் புது வேலி போட்டார்கள். அவ்வளவு நாளும் போலின் யன்னலில் நின்று பார்த்தார். வெளியே வரவில்லை.

வேலை முடிந்த பிறகுதான் வத்சலா தள்ளுவண்டியை எடுத்துக்கொண்டு மேற்குப் பாதையால் போகப் பார்த்தாள். டெஸ்மண்ட் எடுத்த முழத்தால் அந்தப் பாதை ஏற்கனவே ஒடுங்கியிருந்தது. இப்போது கிறீன்ஹவுஸும் ஒரு முழம் வந்ததில் பாதை என்று சொல்ல ஒன்றும் இருக்கவில்லை. வண்டி போகவில்லை. ஆள் பக்கவாட்டில் திரும்பினால் போகலாம்.

அந்தக் குளிர்காலம் முழுவதும் அவள் பக்கவாட்டில் போனாள். வெந்தயக்கீரைப் பெட்டிகளைத் தலைக்கு மேலே தூக்கிக்கொண்டு, முதுகு கண்ணாடியிலும் வயிறு வேலியிலும் உரச, நண்டுபோல அடியெடுத்து வைத்தாள். வேலிக்கு அந்தப் பக்கம் டெஸ்மண்ட் வாத்துகளுக்குத் தீனி போடுவார். இருவர் முகமும் ஒரு கை தூரத்தில் இருக்கும்.

"குளிராக இருக்கிறது," என்பார்.

"ஓம்," என்பாள் வத்சலா. ஆங்கிலம் பேசவும் மூச்சு வேண்டும்.

அவள் அவரிடம் ஒன்றும் கேட்கவில்லை. கேட்டு முடிந்திருந்தது. வக்கீலிடம் போகலாம் என்று பரமேஸ்வரன் ஒரு முறை சொன்னார். இந்த வருடத்துக்கு ஒரு வக்கீல் காணும் என்றாள்.

பெப்ரவரியில் ஒருநாள் காலை பெட்டியோடு வந்தவள் பாதையின் தொடக்கத்தில் நின்றாள். கிறீன்ஹவுஸின் நீளத்துக்கு மட்டும் வேலி இல்லை. கட்டைகள் பிடுங்கப்பட்டு, ஒரு முழம் மேற்கே புதிதாக நட்டிருந்தன. அதற்கு முன்னும் பின்னும் வேலி பழைய இடத்திலேயே நின்றது. ஒழுங்கையிலிருந்து நேராக வந்த வேலி, கிறீன்ஹவுஸ் வந்ததும் டெஸ்மண்டின் பக்கம் வளைந்து, அது முடிந்ததும் திரும்ப அவள் பக்கம் வளைந்து தன் வழியில் போயிற்று. ருபாப் இன்னும் டெஸ்மண்டின் பக்கம்தான்.

டெஸ்மண்ட் சுத்தியலோடு நின்றார். உடுப்பெல்லாம் சேறு.

"கட்டைகள் உக்கியிருந்தன," என்றார். நட்டு ஒரு வருடமும் ஆகாத கட்டைகள்.

"இந்த இடத்தில் மட்டுமா?"

"இப்போதைக்கு இந்த இடத்தில் மட்டும்."

வத்சலா பெட்டியை இறக்கி வைத்தாள். அவரைக் கட்டிப்பிடிக்கத் தோன்றவில்லை, திட்டவும் தோன்றவில்லை. வண்டியை எடுத்து வந்து பாதையால் ஒரு முறை தள்ளிப் பார்த்தாள். போனது. திரும்பித் தள்ளிக்கொண்டு வந்தாள்.

"மிச்சத்தைத் தந்தால் எனக்கு ஒரு முழம் குறையும்," என்றார் டெஸ்மண்ட், வாத்துகளைப் பார்த்தபடி. "டெரியிடம் கேட்க வேண்டும். தனியாகப் போக எனக்கு விருப்பமில்லை."

வத்சலா சப்பாத்தை மாற்றிக்கொண்டு வந்தாள்.

டெரியின் கேற்றடியில் மூன்று நாய்களும் பாய்ந்து கம்பியைக் கடித்தன. டெஸ்மண்ட் அவளுக்கு ஓரடி பின்னால் நின்றார். டெரி பாண் துண்டு ஒன்றைத் தின்றபடி வந்து, சொன்னதைக் கேட்டான். தான் வேலியைத் தொடவே இல்லை, பழைய கரவன் ஒன்றைப் பின்னால் எடுக்கும்போது அது தானாகச் சாய்ந்தது, சாய்ந்த இடத்தில் நிமிர்த்தி விட்டது மட்டும்தான் என்றான். பிரீத்தா அளந்து கொடுத்த படத்தை வத்சலா கம்பிக்கு ஊடாக நீட்டினாள். அவன் அதைப் பார்த்து, யோசித்துச் சொல்கிறேன் என்று மடித்துக் காற்சட்டைப் பைக்குள் வைத்துக்கொண்டு உள்ளே போனான்.

அடுத்த சனிக்கிழமையும் இருவரும் போனார்கள். அவன் இன்னும் யோசித்துக்கொண்டிருந்தான். அதற்கடுத்ததும் போனார்கள். போலின் இன்னும் கேற்றைத் திறக்கவில்லை. தன் ஒரு முழத்தில் அவர் ஒன்றும் நடவில்லை, அதில் தொட்டால் அரிக்கும் காஞ்சோண்டி முளைத்திருந்தது. எருவுக்கு வத்சலா இப்போது வேறொரு பண்ணைக்குப் போகிறாள். டெஸ்மண்டோடு பேச வேண்டியதாகிவிட்டதால் வாரத்தில் ஒருநாள் வானத்தைப் பற்றி அவளும் ஒரு வசனம் சொல்கிறாள்.

ஏப்ரலில் ஒரு சனிக்கிழமை அவள் டெரியிடம் போய்விட்டுத் திரும்பியபோது பரமேஸ்வரன் பிளக் ஒன்றைத் திருத்திக்கொண்டிருந்தார்.

"என்னவாம்?"

"டெரி இண்டைக்கு நாயளைக் கட்டி வச்சிருந்தவன்," என்றாள் வத்சலா.

"அது காணுமோ?"

"இந்தக் கிழமைக்குக் காணும்," என்று சொல்லிவிட்டுக் கத்தரிக் கன்றுகளுக்குத் தண்ணீர் விடப் போனாள்.